மளிகை லிஸ்ட்டில் ஒரு வரி

2023 செப்டம்பரில் அலுவலகத்தில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். எனக்கு அப்போது 41 வயது. ரத்தத்தில் சர்க்கரையின் அளவைக் காட்டும் எச்பிஏ1சி 6.2 என்று வந்திருந்தது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில், 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று அச்சாகியிருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மும்பையில் எங்கள் வீடு இருக்கிற செம்பூர் வரைக்கும் ரயிலில் நின்றபடியே வந்தேன். வழியெல்லாம் அப்பா நினைவுதான். அப்பாவுக்கு 45 வயதில் சர்க்கரை வந்தது. 58-ல் இடது கால் பெருவிரலை எடுத்தார்கள். அதற்கப்புறம் அம்பாசமுத்திரத்து வீட்டுத் திண்ணையிலிருந்து தெருவில் இறங்க அவர் சுவரைப் பிடித்துக்கொள்வார். அதை என் பிள்ளைகள் என்னிடம் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

மனைவி நர்ஸ். அன்று அவளுக்கு நைட் ட்யூட்டி. கிளம்புகிற அவசரத்திலும் தாளை வாங்கிப் பார்த்தாள். "இன்னும் வரலைங்க. திரும்பிப் போக வழி இருக்கு" என்றாள். அந்த வருடம் ஜூனில்தான் ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்து பேப்பர்களில் பேசப்பட்டிருந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். அதைப் படித்தபோது ஊர்ச் செய்தியாகப் படித்தேன். இப்போது அந்த 13.6 கோடியில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ள இதற்கு முன்பும் முயன்றிருக்கிறேன். ஒரு ஜனவரியில் ஜிம்முக்கு மூன்று மாதப் பணம் கட்டினேன். பதினொரு நாள் போனேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தது, அப்புறம் மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற வேலை வந்தது, அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு முறை அரிசியை ஒரே நாளில் நிறுத்திவிட்டுச் சாமையும் வரகும் வாங்கி வந்தேன். நான்காம் நாள் மகன் தட்டைத் தள்ளிவிட்டான். அவனுக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல் என்று செய்ய வீட்டில் யாருக்கும் தெம்பு இல்லை. அப்புறம் போனில் தினம் 10,000 அடி என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். 4,000 அடியில் முடிந்த நாட்களில் மனசு விட்டுப்போகும். அந்த 10,000 ஏதோ மருத்துவக் கணக்கு என்றே நினைத்திருந்தேன். 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடையை எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

இந்த மூன்றும் எங்களிடம் இல்லாத நேரத்தைக் கேட்டன. அதுதான் கோளாறு. எங்கள் நாள் எப்படி என்றால், காலை 5.30-க்கு எழுந்தால் 8 மணிக்குள் நான்கு டப்பா கட்டி, இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஒருவனைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றி, ஒருத்தியைப் பிளே ஸ்கூலில் விட வேண்டும். மனைவிக்கு நைட் ட்யூட்டி இருக்கிற நாட்களில் இது முழுக்க என் வேலை. மாலை வீடு சேரும்போது மணி ஏழரை. இதற்குள் புதிதாக ஒரு மணி நேரத்தை எங்கே செருகுவது? ஆகவே இந்த முறை நேரத்தைத் தேடவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதில் எதை மாற்றலாம் என்று பார்த்தேன்.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன். எனக்கு எதையும் எழுதிப் பார்த்தால்தான் புரியும். எங்கள் வீட்டில் மாதம் பிறந்ததும் மளிகை லிஸ்ட்டை ஒரு நோட்டில் எழுதி, அதைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அந்த நோட்டை எடுத்துப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஒன்று போலவே இருந்தது. எண்ணெய் எல்லாம் சேர்த்து 5 லிட்டர். சர்க்கரை 4 கிலோ. அரிசி, இட்லி அரிசி, கோதுமை மாவு சேர்த்து 28 கிலோ. பருப்பு, பயறு எல்லாம் சேர்த்து 2 கிலோ. கீழே கடைசியில் கொறிக்கச் சேவு, சிவ்டா, காரி பிஸ்கெட்.

நான்கு பேர், 30 நாள் என்று வகுத்தேன். 5 லிட்டர் எண்ணெய் என்பது ஏறத்தாழ நாலரைக் கிலோ. ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். அதிலும் ஒருத்திக்கு மூன்று வயது. சர்க்கரை ஆளுக்கு 33 கிராம். கடையில் வாங்கும் பிஸ்கெட்டும் ஐஸ்கிரீமும் இதில் சேரவில்லை. அடுத்த வருடம் மே மாதம், ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கான புதிய உணவு வழிகாட்டியை வெளியிட்டது. அதில் 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று போட்டிருந்தது. அதாவது தானியத்துக்குப் பருப்பு மூன்றில் ஒன்று. எங்கள் பழைய பக்கத்தில் அது பதினாலில் ஒன்று. சாம்பார் தினமும் வைக்கிறோம், பருப்புக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டிருந்த வீடு இது!

மாதத்துக்கு ஒரு வரி மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தோம். தட்டில் வைத்த பிறகு வேண்டாம் என்று சொல்வது கொடுமை, பிள்ளைகளுக்கும் சரி, களைத்து வருகிற பெரியவர்களுக்கும் சரி. கடையில் வாங்கும்போதே குறைத்துவிட்டால் அந்தப் போராட்டமே வீட்டுக்குள் வருவதில்லை.

முதல் வரி எண்ணெய். 5 லிட்டரிலிருந்து நாலரை, அடுத்து 4 என்று அரை அரை லிட்டராக இறக்கினோம். பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஒரு சிறிய தூக்குப் பாத்திரத்தில் எண்ணெயை விட்டு அதில் ஒரு கரண்டி போட்டு வைத்தோம். பூரி மாதத்துக்கு நான்கு முறை என்றிருந்தது இரண்டானது. அப்பளத்தை அடுப்பில் சுட ஆரம்பித்தோம். எனக்கு அந்தச் சுட்ட வாசம்தான் இப்போது பிடிக்கிறது. 3 லிட்டரில் வந்து நின்றோம். ஆளுக்குச் சுமார் 23 கிராம். அதற்குக் கீழே போக முயலவில்லை.

சர்க்கரைக்கு இன்னும் பொறுமை வேண்டியிருந்தது. நான் ஒரு நாளைக்கு வீட்டில் இரண்டு காபி, அலுவலகத்தில் இரண்டு கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) குடிப்பவன். வீட்டுக் காபிக்கு இரண்டு ஸ்பூன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் ஸ்பூன் குறைத்தேன். நாக்கு கண்டுபிடிக்கவே இல்லை. மூன்று மாதத்தில் அரை ஸ்பூனுக்கு வந்தேன். ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் மூன்றாம் நாள் மறுபடி இரண்டு ஸ்பூன் போட்டிருப்பேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். அலுவலகச் சாயில் சர்க்கரை முன்பே கலந்திருக்கும், குறைக்க வழியில்லை. இரண்டை ஒன்றாக்கினேன்.

பருப்பு வரியை மட்டும் கூட்டினோம். 2 கிலோ 3 ஆகி, இப்போது 5. இதற்கு மும்பை ரொம்ப உதவியது. இங்கே காய்கறிக் கடையிலேயே முளைகட்டிய மட்கி விற்கிறார்கள். மராத்திக்காரர்கள் மிசள் என்கிற காரக் குழம்புக்கு வாங்குவது. நம் ஊரில் நரிப்பயறு என்பார்கள். நான் அதை வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, ஒரு மிளகாய் வற்றல் தாளித்து, தேங்காய்ப்பூ தூவிச் சுண்டலாக்குகிறேன். ஊறவைக்கிற வேலை இல்லை, பத்து நிமிடத்தில் முடிகிறது. வாரத்தில் இரண்டு நாள் தோசைக்குப் பதில் அடை. அடை மாவை அரைத்ததும் ஊற்றலாம், புளிக்கக் காத்திருக்க வேண்டாம். வேலை நாளில் அது பெரிய வசதி.

அரிசியைக் கடைசியில்தான் தொட்டோம். பருப்பும் காயும் கூடின பிறகு சோறு தானாகவே கொஞ்சம் குறைந்தது. குக்கரில் மூன்று கப் போட்டுக்கொண்டிருந்தோம், இரண்டரை ஆனது, அப்புறம் இரண்டு. அந்த நேரத்தில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். என் தட்டைப் பார்த்துவிட்டு, "சோத்தக் கொறச்சா ஒடம்புல என்னத்த தெம்பு நிக்கும்ல?" என்று வருத்தப்பட்டாள். அம்மாவிடம் எண்களைச் சொல்லிப் பயனில்லை. அப்பாவுடைய காலைப் பற்றித்தான் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிறு, தானே மாதுங்கா மார்க்கெட்டுக்கு வருகிறேன் என்று கிளம்பினாள். வாழைப்பூ, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம் என்று இரண்டு பை நிறைய வாங்கி, அன்று மத்தியானமே வாழைப்பூவை ஆய்ந்து பாசிப்பருப்பு போட்டு உசிலி செய்தாள். சோற்றைவிட உசிலியை அதிகமாக வைத்தாள். அவள் இருந்த இரண்டு மாதமும் தட்டில் பாதி காயாகத்தான் இருந்தது.

மாலை நேரம்தான் எனக்குக் கஷ்டம். ஐந்தரை, ஆறு மணிக்கு வயிறு காய ஆரம்பிக்கும். அலுவலகத்துக்குப் பக்கத்து வி.டி. ஸ்டேஷனில் ரயிலேறி நாற்பது நிமிடம் நின்றுவிட்டுச் செம்பூரில் இறங்கினால், ஸ்டேஷன் வாசலில் வடா பாவ் வாசம். வாரத்தில் நான்கு நாள் அங்கே நின்றிருக்கிறேன். அந்த வாசத்தோடு போராடுவதை விட்டுவிட்டேன். மத்தியான டப்பாவோடு இன்னொரு சின்ன டப்பாவில் சுண்டல் கொண்டுபோய், ஆபீசை விட்டுக் கிளம்புவதற்கு முன் மேஜையிலேயே தின்றுவிடுகிறேன். பசி இல்லாமல் இறங்கினால் அந்தக் கடையைத் தாண்டுவது சாதாரணமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் வடா பாவ் உண்டு. அது எங்கள் வீட்டுக்கே தெரிந்த வெள்ளிக்கிழமை. பிள்ளைகளுக்கும் சேர்த்து நான்காக வாங்கிப் போவேன். மனைவிக்கும் இதே சின்ன டப்பா கட்டிக் கொடுக்கிறேன். நைட் ட்யூட்டியில் மூன்று மணிக்குச் சாயும் காரி பிஸ்கெட்டும்தான் அவளுக்குச் சாப்பாடாக இருந்தது. நோயாளிகளுக்கு நேரம் பார்த்துச் சோறு போகும், பார்த்துக்கொள்கிறவளுக்குப் போகாது. அது எனக்கு ரொம்ப நாளாகக் கண்ணில் படாமலேயே இருந்தது.

நடை விஷயத்துக்கு வருகிறேன். என் அலுவலகம் ஹுதாத்மா சௌக் பக்கம். வி.டி.யிலிருந்து ஷேர் டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தேன். க்யூவில் நிற்பது, சிக்னலில் நிற்பது என்று எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும். நடந்தால் பதினைந்து நிமிடம். ஐந்து நிமிட வித்தியாசத்துக்காக இத்தனை வருடம் டாக்ஸியில் போயிருக்கிறேன்! போக 15, வர 15, வாரத்தில் ஐந்து நாள். 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று சொல்கிறது. அந்தக் கணக்கு ஜிம் இல்லாமல், காலை 5 மணிக்கு எழாமல், டாக்ஸி காசும் மிச்சமாகி முடிந்துபோனது. இன்னொன்றும் அதில் எனக்குப் பிடித்தது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்பார்கள். 2020-ல் வந்த புதிய வழிகாட்டியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாக நடந்தாலும் உடம்புக்கு நல்லதுதான். பிள்ளை வளர்க்கிறவர்களின் நாளே துண்டு துண்டுதான்.

முதல் வாரம் ஒரு பக்கம் மட்டும் நடந்தேன், காலையில். மூன்று வாரம் கழித்து மாலையும் சேர்ந்தது. ஜூன் வந்ததும் மழை பிடித்துக்கொள்ள, நின்றுவிடும் என்றுதான் பயந்தேன். ஆனால் நான் நடக்கிற வழியில், டி.என். ரோட்டில் பழைய கட்டடங்களின் கீழே வளைவு வளைவாகக் கூரை போட்ட நடைபாதை உண்டு. கடை விரித்திருப்பார்கள், கூட்டம் இருக்கும், வேகமாகப் போக முடியாது, ஆனாலும் முக்கால்வாசி தூரம் நனையாமல் போகலாம். தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயிலே ஓடாத நாட்களில் எதுவும் நடக்காது. அந்த நாட்களைக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

தசைக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது வேலை கொடுக்கச் சொல்கிறார்கள். அதற்குத் தோப்புக்கரணம். குக்கர் ஏற்றினதும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று ஆரம்பிப்பேன். முதலில் ஐந்துதான் முடிந்தது, முழங்கால் கடித்தது. இப்போது மூன்றாவது விசிலுக்குள் இருபது. பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார்கள். மகள் காதைப் பிடிப்பதோடு சரி, உட்காரமாட்டாள்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று எழுதியே ஆக வேண்டும். தொடங்கி நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். சாப்பிடும்போது எடை எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தோம். "இது வேண்டாம், எடை போட்டுடும்" என்று எதையோ தள்ளி வைத்தேன். அன்று இரவு மகன் படுக்கையில் என் பக்கம் திரும்பி, "அப்பா, நானும் குண்டா?" என்று கேட்டான். மத்தியானம் பள்ளியில் டப்பாவைப் பாதியில் மூடி வைத்துவிட்டானாம். அவனுக்கு ஏழு வயது. வளர்கிற பிள்ளை. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. என் பயத்தை அவன் தட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து சாப்பாட்டு இடத்தில் எடை என்ற பேச்சே இல்லை. நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு என்றும் சொல்வதில்லை. சுண்டல் சாப்பிட்டால் ஓடத் தெம்பு வரும், அவ்வளவுதான். எடை பார்க்கும் மெஷினை ஹாலிலிருந்து எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். அவன் டப்பாவில் அவன் கேட்கிறது இருக்கும். கூட இரண்டு துண்டு கேரட்டோ வெள்ளரிக்காயோ நான் வைப்பேன். சாப்பிடாமல் திரும்பி வந்தால் கேட்கமாட்டேன். ஒரு மாதம் திரும்பித்தான் வந்தது. அப்புறம் ஒரு நாள் காலியாக வந்தது.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது திருச்செம்பூர் முருகன் கோயில். சேடா நகரில் இருக்கிறது. 108 படி. முன்பெல்லாம் கிருத்திகைக்கு மட்டும் போவோம். 2023 கடைசியில் போனபோது அறுபதாவது படியிலேயே நின்று கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினேன். பக்கத்தில் ஒரு பாட்டி வேல் வேல் என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தோம். மகள் அங்கேதான் எண்ணக் கற்றுக்கொண்டாள். நூறு வரைக்கும் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்தது, நூற்றொன்றிலிருந்து நூற்றெட்டு முருகன் சொல்லிக் கொடுத்தார். இப்போது நிற்காமல் ஏறுகிறேன். தரிசனம் முடிந்து இறங்கி, மகனோடு இன்னொரு முறை மேலே போய்வருகிறேன். அவன் இரண்டிரண்டு படியாகத் தாவுவான், மேலே போய் நின்று "சீக்கிரம் வாங்கப்பா" என்று கத்துவான்.

எச்பிஏ1சியை மாதா மாதம் பார்க்க மனைவி விடவில்லை. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை காட்டுகிறது, ஆகவே மூன்று மாதத்துக்கு முன்னால் பார்த்துப் பயனில்லை என்பாள். ஆறு மாதத்தில் 6.0. ஒன்றரை வருடத்தில் 5.8. எடை 81-லிருந்து 75. இடுப்பு 98 சென்டிமீட்டரிலிருந்து 92. நம் ஊர் ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். இன்னும் இரண்டு இருக்கிறது.

சரியாகாததும் இருக்கிறது. இரவுச் சாப்பாடு இன்னும் ஒன்பதரைக்குத்தான் முடிகிறது. மனைவி ஈவினிங் ட்யூட்டியில் இருந்தால் பத்து கூட ஆகும், ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று பிள்ளைகள் காத்திருப்பார்கள். அந்த ஆசையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சாப்பிட்டதும் உட்காராமல் நால்வரும் கீழே போய்ச் சொசைட்டி காம்பவுண்டை நான்கு சுற்று வருகிறோம். பத்து நிமிடம். சாப்பிட்ட உடனே நடந்தால் தசைகள் ரத்தத்துச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு அந்தப் பத்து நிமிடத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக் கதை முழுக்கக் கிடைக்கிறது.

இந்த மாத லிஸ்ட்டை நேற்று இரவு எழுதினேன். எண்ணெய் 3 லிட்டர், சர்க்கரை ஒன்றரைக் கிலோ, பருப்பு வகை 5 கிலோ. இந்த மாதத்து ஒரு வரி உப்பு. ஊறுகாய் பாட்டிலை ஒன்றாகக் குறைத்திருக்கிறேன். சேவு எழுதவில்லை. காலையில் படம் எடுக்க நோட்டைத் திறந்தால், கடைசியில் மகனுடைய கையெழுத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: சேவு கால் கிலோ, வெள்ளிக்கிழமைக்கு. அழிக்காமல் அப்படியே படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.